தோல்வியை எழுதும் முறை: டையூ கடற்போரும் துஹ்ஃபத்துல் முஜாஹிதீனும்

தமிழகத்து அரபி மத்ரஸாக்களில் ஷாஃபிஈ ஃபிக்ஹு பயின்ற எவருக்கும் ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பொன்னானியிலிருந்து அவர்கள் அளித்த ‘ஃபத்ஹுல் முஈன்’ தலைமுறை தலைமுறையாக இங்கே பாடநூலாக ஓதப்பட்டு வருகிறது. சட்டத்தின் நுண்மைகளைச் சுருங்கிய சொற்களில் வரையறுக்கும் அந்த எழுதுகோல் ஒரு வரலாற்று நூலையும் எழுதியது. அந்த நூலைப் பெயரளவில் அறிந்தோர் பலர், படித்தோர் சிலர். ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ எனும் அந்நூலைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபி, பாரசீக, உருதுத் துறைத் தலைவராய் இருந்த அறிஞர் எஸ். முஹம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்க்க, அப்பல்கலைக்கழகமே 1942ஆம் ஆண்டில் வெளியிட்டது. நம் தலைநகரின் கல்விக்கூடத்திலிருந்து வெளிவந்தும், நம்மவரால் அதிகம் பேசப்படாத நூல் அது.

பேசப்படும் வேளைகளிலும் அந்நூல் பெரும்பாலும் ஒரு வீரகாவியமாகவே எடுத்தாளப்படுகிறது. தலைப்பில் உள்ள சொல்லும், அறப்போரின் சிறப்பைக் கூறும் அதன் முதற்பகுதியும் அதற்குக் காரணமாகலாம். நூலின் உயிர் இருப்பதோ வேறிடத்தில் என்பது இக்கட்டுரையின் கருத்து. பறங்கியரின் வருகையையும் செயல்களையும் ஆண்டுவரிசையில் கூறும் நான்காம் பகுதியே நூலின் பெரும்பகுதி. அப்பகுதியில் வெற்றிகளைவிடத் தோல்விகளே மிகுதி. ஒரு சமுதாயத்தின் அறிஞர் தம் சமுதாயத்தின் தோல்வியை எவ்வாறு எழுதினார் என்பதை அறிய, 1509ஆம் ஆண்டில் டையூ துறைமுகத்தருகே நடந்த கடற்போரைப் பற்றி அவர் எழுதிய சில வரிகளே போதுமானவை.

போரும் அதன் பின்னணியும்

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த சில ஆண்டுகளிலேயே அரபிக்கடலின் வாணிப ஒழுங்கு குலையத் தொடங்கியது. மிளகும் ஏலமும் ஏற்றிச் செங்கடல் நோக்கிச் சென்ற மரக்கலங்கள் மறிக்கப்பட்டன. அனுமதிச் சீட்டு இல்லாத கலங்கள் பறிக்கப்பட்டன. ஹஜ் பயணிகளின் வழியும் அச்சம் நிறைந்ததாயிற்று. இதனால் பாதிக்கப்பட்டோர் ஒரே சமயத்தவர் அல்லர். கோழிக்கோட்டை ஆண்ட ஸாமூதிரி மன்னரின் வருவாய் குறைந்தது. எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் கான்ஸூ அல்-கௌரியின் சுங்கம் தேய்ந்தது. அலெக்சாந்திரியாவில் நறுமணப் பொருள் வாங்கி ஐரோப்பாவில் விற்று வந்த கிறித்தவ நகர அரசான வெனிஸின் வாணிபமும் ஆட்டம் கண்டது. ஆகவே, செங்கடலிலிருந்து ஒரு கடற்படை புறப்பட வேண்டும் என்ற விருப்பம் கோழிக்கோட்டிலும் கெய்ரோவிலும் வெனிஸிலும் ஒருங்கே எழுந்தது.

விருப்பம் இருந்தது, மரம் இல்லை. கப்பல் கட்டத் தகுந்த காடுகள் எகிப்தில் கிடையா. அனத்தோலியாவின் தென்கரைப் பக்கத்திலிருந்து மரங்களை நடுநிலக்கடல் வழியே கொண்டுவந்து, பின் ஒட்டகங்களின் மேலேற்றிப் பாலைவனத்தைக் கடந்து சுவெஸ் துறையில் சேர்த்துத்தான் கப்பல் கட்ட வேண்டியிருந்தது. அவ்வாறு கட்டப்பட்ட கலங்கள் அமீர் ஹுசைன் அல்-குர்தியின் தலைமையில் 1505ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புறப்பட்டன. வழியில் ஜித்தாவுக்கு மதில் எழுப்பும் பணியும் அவருக்கு இருந்தது. ஏடன் வழியாக அவர் குஜராத்தின் டையூ துறையை அடைந்தபோது ஆண்டு 1507 ஆகிவிட்டது.

டையூ அப்போது குஜராத் சுல்தான் மஹ்மூத் பேகடாவின் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே அவருடைய ஆளுநராக இருந்தவர் மாலிக் அயாஸ். அடிமையாக வந்து, தம் திறத்தால் உயர்ந்து, ஒரு துறைமுகத்தைப் பெருநகராக்கியவர். 1508 மார்ச் மாதத்தில் அமீர் ஹுசைனின் கலங்களும் அயாஸின் கலங்களும் சேர்ந்து, கொங்கணக் கரையில் உள்ள சௌல் துறையில் ஒரு போர்த்துக்கீசியப் பிரிவைத் தாக்கின. அப்போரில் போர்த்துக்கீசிய அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ ட அல்மெய்தாவின் மகன் லொரென்சோ கொல்லப்பட்டார். இந்தியப் பெருங்கடலில் போர்த்துக்கீசியருக்கு நேர்ந்த முதற்பெரும் கடற்தோல்வி அது. செய்தி எட்டியதும் கெய்ரோவில் முரசுகள் முழங்கின என்று எகிப்திய வரலாற்றாசிரியர் இப்னு இயாஸ் குறித்துள்ளார்.

மகனை இழந்த தந்தை பழிவாங்கப் புறப்பட்டார். 1508 டிசம்பரில் வழியிலிருந்த தாபோல் நகரை எரித்தழித்தார். 1509 பிப்ரவரி 3ஆம் நாள், ஹிஜ்ரி 914 ஷவ்வால் மாதத்தில், ஏறத்தாழ 18 கலங்களோடு டையூவைத் தாக்கினார். அவருடைய படையில் கொச்சி மன்னர் அளித்த நாயர் வீரர்களும் இருந்தனர். எதிர்ப்புறத்தில் எகிப்தியக் கலங்களும், குஜராத்தியக் கலங்களும், ஸாமூதிரியின் நாட்டிலிருந்து வந்த சிறு துடுப்புப் படகுகளும் அணிசேர்ந்திருந்தன. அமீர் ஹுசைன் திறந்த கடலுக்குச் செல்லாமல், கரையிலிருந்த பீரங்கிகளின் துணையை நம்பித் துறைமுகத்தருகே நங்கூரமிட்டு நின்றார். நடுநிலக்கடல் மரபில் பழகியவருக்கு அது அறிவுடைய முடிவாகவே தோன்றியிருக்கும். ஆனால் உயர்ந்த பக்கங்களும் கனத்த பீரங்கிகளும் கொண்ட பாய்மரக் கப்பல்களுக்கு அந்த முடிவு வாய்ப்பாகிவிட்டது. நின்ற இடத்தில் நின்ற கலங்கள் ஒவ்வொன்றாகத் தாக்கப்பட்டன. மாலைக்குள் எகிப்தியக் கடற்படை என்று ஒன்று இல்லாதொழிந்தது. அமீர் ஹுசைன் கரையேறித் தப்பினார். பிடிபட்ட மம்லூக் கொடிகள் போர்த்துக்கல் நாட்டின் தோமார் மடத்திற்கு அனுப்பப்பட்டன.

இரு எழுதுகோல்கள்

இப்போரைப் போர்த்துக்கீசியர் எழுதினர், நிறையவே எழுதினர். கஸ்தன்ஹேதாவின் வரலாறு 1551 முதலும், பாரோஸின் வரலாறு 1552 முதலும் அச்சேறின. எல்லாவற்றிலும் புகழ்பெற்றது லூயிஸ் ட கமோயன்ஸ் இயற்றிய லூசியாத் காவியம். 1572இல் லிஸ்பனில் வெளிவந்த அக்காவியத்தின் பத்தாம் காண்டத்தில், காமாவுக்கு விருந்தளிக்கும் தேவமங்கை ஒருத்தி எதிர்காலத்தைப் பாடுகிறாள். சௌல் துறையில் லொரென்சோ வீழ்வதும், தாபோலிலும் டையூவிலும் தந்தை பழி தீர்ப்பதும் அப்பாடலில் வருகின்றன. மகனின் மரணம் உரோமானியத் தொல்வீரரின் மரணத்தோடு ஒப்பிடப்படுகிறது. நடந்து முடிந்ததை நடக்கப்போவதாகப் பாடும் உத்தி அது. இதனால் ஒரு வஞ்சினத்தின் விளைவு விதியின் ஆணையாக மாறிவிடுகிறது. போர்த்துக்கல்லின் வெற்றி வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது போன்ற தோற்றம் உண்டாகிறது.

கமோயன்ஸ் இந்தியாவை அறியாதவர் அல்லர். 1553இல் கோவாவுக்கு வந்து, கீழைக்கடல்களில் பல்லாண்டுகள் அலைந்தவர். அவருடைய காவியம் அச்சேறிய அதே பத்தாண்டுகளில், மேற்குக் கரையின் மற்றோர் ஊரில், மக்தூம் தம் நூலை எழுதிக்கொண்டிருந்தார். நூலில் பதிவான நிகழ்ச்சிகள் 1583ஆம் ஆண்டுவரை நீள்கின்றன. இருவரும் ஒரே கடலின் கரையில் வாழ்ந்தவர்கள். இருவருக்கும் டையூ போர் தாம் பிறப்பதற்கு முன் நடந்த செய்தி. இருவரும் அதை எழுதினர். எழுதிய முறையில்தான் எத்தனை வேறுபாடு!

மக்தூமின் பக்கத்தில் அமீர் ஹுசைன் 13 கலங்களுடன் வருகிறார். சௌல் துறையில் பறங்கியரின் பெரிய கப்பல் ஒன்றைக் கைப்பற்றுகிறார். டையூவுக்குத் திரும்பி மழைக்காலத்தைக் கழிக்கிறார். கோழிக்கோட்டுப் பகுதியிலிருந்து சுமார் 40 சிறு கலங்கள் சென்று அவரோடு சேர்கின்றன. பறங்கியர் வருகிறார்கள். அமீரின் கலங்களையே குறிவைத்துத் தாக்குகிறார்கள். சில பிடிபடுகின்றன, எஞ்சியவை சிதறுகின்றன. அல்லாஹ்வின் விதிப்படி அவ்வாறு நிகழ்ந்தது. அவ்வளவுதான். சௌல் வெற்றியை அவர் ஒரு பெரிய கப்பலின் கணக்காக மட்டுமே தருகிறார். மாற்றானின் மகன் வீழ்ந்ததைச் சொல்லி மகிழும் குரல் அங்கே கேட்பதில்லை. டையூ தோல்வியிலும் ஒப்பாரி இல்லை. தம் பக்கத்து வீரர்களின் இறுதி நேரத்தைப் பொன்முலாம் பூசிக் காட்டும் முயற்சியும் இல்லை.

இதனை அரபி நாளாகம மரபின் இயல்பான சுருக்கம் என்று கொள்ளலாம். அது ஓரளவே உண்மை. ஏனெனில், அநீதிகளைப் பட்டியலிடும்போது இதே ஆசிரியர் சுருக்கத்தை நாடுவதில்லை. பறங்கியர் வாணிபத்தைத் தடுத்தது, கலங்களைப் பறித்தது, ஹஜ் பயணத்துக்கு இடையூறு செய்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். துன்பத்தைக் கூற அவருக்குச் சொல் பஞ்சமில்லை. போர்களைக் கூறும்போதுதான் சொற்களைக் கட்டுப்படுத்துகிறார். இதில் ஒரு ஃபிக்ஹு அறிஞரின் பயிற்சி தெரிகிறது. சாட்சியம் சொல்பவர் தாம் அறிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டக் கூடாது என்பது அவருடைய துறையின் ஒழுக்கம். காவியம் வாசகனின் உணர்ச்சியை நாடுகிறது. சாட்சியம் வாசகனின் தீர்ப்பை நாடுகிறது.

துரோகி என்றொரு விடை

தோல்வி வந்த இடத்தில் துரோகியைத் தேடுவது மனித இயல்பு. டையூ போருக்கும் அப்படியொரு துரோகி கிடைத்தார். மாலிக் அயாஸ் அல்மெய்தாவோடு இரகசியமாகக் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். சௌல் போரில் பிடிபட்ட போர்த்துக்கீசியரை நன்கு பேணி வைத்திருந்தார். போருக்குப் பின் அவர்களை ஒப்படைத்துச் சமாதானம் செய்துகொண்டார். இவை போர்த்துக்கீசியப் பதிவுகளிலிருந்து நாம் அறியும் செய்திகள். இவற்றைக் கொண்டு 20ஆம் நூற்றாண்டில் கே.எம். பணிக்கர் போன்ற தேசிய நோக்குடைய வரலாற்றாசிரியர்கள் அயாஸின் துரோகத்தை முன்னிறுத்தினர். நம்முடைய எழுத்தாளர்கள் பலரும் அவ்விடையை அப்படியே ஏற்றனர். ‘காட்டிக் கொடுக்கப்பட்டோம்’ என்ற ஒரு சொல்லில் ஆறுதல் கிடைத்துவிடுகிறது. மேற்கொண்டு சிந்திக்க வேண்டிய பொறுப்பும் நீங்கிவிடுகிறது.

ஆனால் டையூவின் பிற்கால வரலாறு இந்த விடைக்கு ஒத்துவரவில்லை. போரில் வென்ற அல்மெய்தாவால் டையூ நகரைக் கைக்கொள்ள இயலவில்லை. அங்கே ஒரு கோட்டை கட்ட வேண்டும் என்பது போர்த்துக்கீசியரின் நெடுநாள் ஆசை. 1513இல் அல்புகெர்க் முயன்றார். 1521இல் செக்கெய்ரா முயன்றார். பேச்சாலும், பரிசிலாலும், காலங்கடத்தலாலும், தேவைப்பட்டபோது படையாலும் அயாஸ் அவர்களைத் தடுத்தே வைத்தார். 1522இல் அவர் இறக்கும்வரை டையூவில் ஒரு பறங்கிக் கோட்டைச் சுவரும் எழவில்லை. 1535இல்தான், ஹுமாயூனின் படையெடுப்புக்கு அஞ்சிய சுல்தான் பகதூர் ஷா அனுமதி அளிக்க, அக்கோட்டை எழுந்தது. கடலில் தோற்ற நகரைக் கரையில் 13 ஆண்டுகள் காத்தவரைத் துரோகி என்ற ஒரு சொல்லில் அடைக்க முடியுமா? குஜராத்தின் வணிகரும் ஆட்சியாளரும் பற்றி 1976இல் நூல் எழுதிய எம்.என். பியர்சன் போன்ற ஆய்வாளர்கள், அயாஸை ஒரு துறைமுகத்தின் நலனை முதன்மையாகக் கருதிய ஆட்சியாளராகவே காண்கின்றனர். எகிப்தின் சுல்தானுக்கு டையூ ஒரு போர்முனை. அயாஸுக்கு அதுவே ஊர்.

இங்கே மக்தூமின் மௌனம் கவனிக்கத்தக்கது. அவர் அயாஸின் பெயரைக் குறிப்பிடுகிறார். குற்றம் எதையும் சுமத்துவதில்லை. பழிபோட அவருக்குத் தயக்கம் இருந்ததாகவும் கூற இயலாது. மலபார் முஸ்லிம்களின் துயரைக் கண்டும் காணாமலிருந்த முஸ்லிம் சுல்தான்களையும் அமீர்களையும் அவர் வெளிப்படையாகவே கடிந்துரைக்கிறார். பீஜப்பூர் சுல்தான் முதலாம் அலீ ஆதில் ஷாவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நூலில் இவ்வாறு எழுதுவதற்குத் துணிவு வேண்டும். முஸ்லிம்களுக்காகத் தம் செல்வத்தைச் செலவிட்டுப் போராடிய ஸாமூதிரி மன்னரை அவர் நன்றியோடு போற்றவும் செய்கிறார். அவர் பிரித்த கோடு சமயக் கோடன்று. கடமையைச் செய்தவர், செய்யாதவர் என்ற கோடு. அக்கோட்டின் எந்தப் பக்கத்தில் அயாஸை நிறுத்துவது என்பதற்குப் போதிய சாட்சியம் இல்லாத நிலையில், அவர் வாய்மூடினார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

மாற்றானைப் புகழ்ந்த இடம்

நூலின் மிகக் கூர்மையான பகுதி ஒன்று உண்டு. பறங்கியரின் வெற்றிக்குக் காரணம் என்ன என்று ஆராயும் மக்தூம், அவர்களுடைய சூழ்ச்சியைக் கூறுவதோடு நின்றுவிடவில்லை. தம் நாட்டிலிருந்து நெடுந்தொலைவில் இருந்தும் அவர்கள் தலைவனுக்கு மாறு செய்வதில்லை என்கிறார். அவர்களிடையே பிளவு அரிது. தலைமைப் பதவிக்காக ஒருவரையொருவர் கொல்வதாகக் கேள்விப்படவில்லை என்கிறார். மலபார் முஸ்லிம்களும் அவர்களுடைய தலைவர்களுமோ தமக்குள் பிணங்கி நிற்பவர்கள் என்று அடுத்த வரியிலேயே சாடுகிறார். எதிரியின் நற்பண்பை ஏற்றுக்கொள்ளும் இத்தகைய எழுத்து எக்காலத்திலும் அரிதானது.

ஆனால் திறனாய்வு செய்வோர் இங்கே ஒரு கேள்வி எழுப்பியாக வேண்டும். இக்கூற்று உண்மையா? டையூ போரையே எடுத்துக்கொள்வோம். 1508 டிசம்பரில், போருக்கு இரண்டு மாதங்களுக்கு முன், அல்மெய்தாவிடமிருந்து பொறுப்பை ஏற்பதற்காக அபோன்சோ ட அல்புகெர்க் கண்ணனூருக்கு வந்து சேர்ந்தார். மன்னரின் ஆணை அவர் கையில் இருந்தது. மகனின் பழி தீராமல் பதவியை விட அல்மெய்தா மறுத்தார். வென்று திரும்பிய பிறகும் விடவில்லை. அல்புகெர்க்கைக் கண்ணனூரில் காவலில் வைத்தார். 1509ஆம் ஆண்டின் இறுதியில் போர்த்துக்கல்லிலிருந்து ஒரு பெரும்படையுடன் மார்ஷல் கூத்தின்ஹோ வந்த பிறகே பொறுப்பு கைமாறியது. அதற்கு முன்பு ஹுர்முஸ் கடற்பகுதியில் அல்புகெர்க்கின் தளபதிகள் சிலர் அவரைக் கைவிட்டு ஓடிவந்ததும் உண்டு. ஆக, டையூ வெற்றியே மன்னரின் ஆணைக்குப் பணிய மறுத்த ஒருவரால் பெறப்பட்டது. எந்தப் பண்பைப் பறங்கியரின் வெற்றிக்குக் காரணமாக மக்தூம் கூறினாரோ, அப்பண்பு அவர்களுடைய மிகப்பெரிய கடல் வெற்றியின் நாளில் அங்கே இல்லை.

இதனால் அவருடைய நூல் மதிப்பிழந்துவிடுகிறதா? இல்லை. ஆனால் அப்பகுதியை எவ்வாறு படிக்க வேண்டும் என்பது மாறுகிறது. அது பறங்கியரைப் பற்றிய ஆராய்ச்சியாக எழுதப்பட்டதன்று. தம் மக்கள் முன் பிடிக்கப்பட்ட கண்ணாடி. தம்மவரிடம் இல்லாததை எதிரியிடம் இருப்பதாகக் காட்டித் தம்மவரை நாணச் செய்கிறார். மிம்பரில் நின்று அறிவுரை பகர்பவரின் உத்தி அது. அறிவுரையை வரலாறாகவும் வரலாற்றை அறிவுரையாகவும் மாற்றிப் படித்தால் இரண்டும் கெடும்.

சொல்லப்படாதவை

அவருடைய விளக்கத்தில் உள்ள குறையையும் மறைக்க வேண்டியதில்லை. மலபார் முஸ்லிம்கள் செழிப்பில் திளைத்து, இறையருளுக்கு நன்றி மறந்தனர். ஆகவே அல்லாஹ் பறங்கியரை அவர்கள் மீது சாட்டினான் என்பது நூல் நெடுகிலும் ஓடும் சரடு. ஓர் ஆலிமின் உள்ளத்தில் எழும் இயல்பான சிந்தனை இது. பழியைப் பிறர்மேல் போடாமல் தம்மேல் ஏற்றுக்கொள்வது இதன் சிறப்பு. ஆயினும், விதியையும் பாவத்தையும் மட்டும் கூறி நிறுத்தும்போது, மனிதக் கைகளில் இருந்த காரணங்கள் பார்வையிலிருந்து மறைகின்றன.

டையூவில் தோற்றது ஈமான் அன்று. முதலில் தோற்றது மரம். இழந்த கடற்படையை மீண்டும் கட்ட சுல்தான் கௌரி உடனே முயன்றார். ஆனால் 1510 ஆகஸ்டில், மரம் ஏற்றி வந்த அவருடைய கப்பல்களை ரோட்ஸ் தீவின் புனித யோவான் சபைப் போர்வீரர்கள் அனத்தோலியாவின் தென்கரையருகே அழித்தனர். பின்னர் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் மரமும் வெடிமருந்தும் அனுப்பி உதவினார். இரண்டாம் படை புறப்பட 1515 ஆகிவிட்டது. அதுவும் யமன் பகுதியிலேயே தேங்கி நின்றது. 1516இலும் 1517இலும் நடந்த போர்களில் மம்லூக் அரசே உஸ்மானியரிடம் வீழ்ந்தது. ஒருபுறம் கடலோடிகள் தம் கலங்களிலேயே பீரங்கி ஏற்றிப் பெருங்கடல் கடந்து வந்தனர். மறுபுறம் ஒவ்வொரு பலகையும் ஒட்டகத்தின் முதுகில் பாலைவனம் கடந்து வர வேண்டியிருந்தது. இந்தக் கணக்கு மக்தூமின் பக்கங்களில் இல்லை. அவர் இருந்த இடத்திலிருந்து அது தெரிந்திருக்கவும் வாய்ப்புக் குறைவு. நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் நாம் அவருடைய விளக்கத்தோடு நின்றுவிட்டால், அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

வென்றவர்களின் எழுத்திலும் சொல்லாமல் கடந்துபோன இடங்கள் உண்டு. டையூவிலிருந்து திரும்பும் வழியில், கண்ணனூர் அருகே, சிறைப்பட்டவர்களை அல்மெய்தா கொடிய முறையில் கொன்றார். இதனைப் பதிவு செய்தவர்கள் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்களே. தேவமங்கையின் பாடலில் இதற்கு இடமில்லை. ஓராண்டு கழித்து, 1510 மார்ச் 1ஆம் நாள், தாயகம் திரும்பும் வழியில், ஆப்பிரிக்காவின் தென்முனையில் கோய்கோய் மக்களோடு ஏற்பட்ட மோதலில் அல்மெய்தா மடிந்தார். பெருங்கடலை வென்றவரை ஒரு கடற்கரையின் எளிய மக்கள் வீழ்த்தினர்.

நம் கரையில் ஒரு தோல்வி

இறுதியாக, தமிழ் வாசகர் ஒருவர் இந்நூலைத் திறந்தால் கண் நிலைக்க வேண்டிய மற்றோர் இடம் உண்டு. ஹிஜ்ரி 944 ஷஅபான் மாத இறுதியில், அதாவது 1538 ஜனவரி மாத முடிவில் நடந்த நிகழ்ச்சி அது. அலீ இப்ராஹீம் மரைக்காயர், குஞ்ஞாலி மரைக்காயர் ஆகியோரின் தலைமையில் 42 கலங்கள் காயல் கடற்பகுதிக்கு வந்தன. இலங்கையில் கோட்டை மன்னர் புவனேகபாகுவை எதிர்த்த மாயாதுன்னைக்குத் துணை செய்வது அப்படையெடுப்பின் நோக்கங்களில் ஒன்று. இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்தை அடுத்துள்ள வேதாளையில் அவர்கள் கரையிறங்கித் தங்கினர். மார்த்திம் அபோன்சோ ட சோசா தலைமையில் வந்த போர்த்துக்கீசியப் படை அங்கே அவர்களைத் தாக்கியது. கலங்கள் அனைத்தும் பறிபோயின. முத்துக்குளித்துறையின் மீது யாருடைய கை ஓங்கும் என்பதை முடிவு செய்ததில் அந்நாளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதையும் மக்தூம் டையூவை எழுதியது போலவே எழுதுகிறார். எண்ணிக்கை, ஊர், மாதம், இழப்பு. அதே ஆண்டின் பிற்பகுதியில் உஸ்மானியத் தளபதி சுலைமான் பாஷா பெரும்படையுடன் வந்து டையூ கோட்டையை முற்றுகையிட்டதையும், பயனின்றித் திரும்பியதையும், வரும் வழியில் ஏடன் ஆட்சியாளரைக் கொன்றதையும் அவர் விட்டுவிடவில்லை. தம் பக்கத்துப் பேரரசு ஒன்று செய்த தவறு என்பதற்காக அதை மறைக்கவில்லை.

வேதாளைக் கரையில் நடந்ததை நம் ஊர் வரலாறுகளும் ஆண்டு மலர்களும் எழுதும் முறையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று, முழுமையாக மறந்துவிடுகிறோம். அல்லது, மரைக்காயர்களின் வீரத்தைப் பத்திப் பத்தியாகப் புகழ்ந்து, 42 கலங்களும் பறிபோன செய்தியை ஒரு துணைவாக்கியத்தில் கடந்துவிடுகிறோம். ஏன் தோற்றோம் என்று கேட்டால் சூழ்ச்சி என்கிறோம். கலங்களைக் கரையேற்றிவிட்டுப் பல நாள் தங்கியது ஏன், காவல் என்னவாயிற்று, அந்தக் கரையின் மக்களில் யார் யாருக்குத் துணை நின்றார்கள், எதற்காக என்ற கேள்விகளை நாம் கேட்பதில்லை. புகழுரை நம் முன்னோருக்கு நாம் செலுத்தும் கடன் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், தோல்வியை உள்ளபடி பதிவு செய்வதே அவர்களுடைய இழப்புக்கு நாம் தரும் மரியாதை. தோல்வி சிறிதென்று காட்டினால், அதில் மாண்டவரின் துணிவும் சிறிதாகிவிடும்.

துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் குறையற்ற நூலன்று. பறங்கியரைப் பற்றி அது கூறுவதில் பிழை உண்டு. காரணங்களை அடுக்குவதில் போதாமை உண்டு. ஆனால் போர் நடந்து எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும், தம் மக்களின் காயம் ஆறாத காலத்தில், ஓர் ஆலிம் அத்தோல்வியை மிகையின்றி, பழியின்றி, கணக்குத் தவறாமல் எழுதினார். சட்டநூலில் அவரிடம் நாம் கற்ற நேர்மை இவ்வரலாற்று நூலிலும் இருக்கிறது. அவருடைய ஃபத்ஹுல் முஈனை ஓதும் மாணவர்கள் துஹ்ஃபாவின் நான்காம் பகுதியையும் அருகில் வைத்துப் படிப்பார்களேயானால், சாட்சியம் என்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் உள்ள பொருள் வரலாற்றிலும் உண்டு என்பது அவர்களுக்கு விளங்கும்.